யானை நிற்கும் கிணறு

மே 10, 2024, வெள்ளி

ரெடிங்கிலிருந்து ஸ்டோக் ரோ பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்கு முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நின்று, அது வராமலே போய், கடைசியில் டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தோம்.

அப்பா ஊரிலிருந்து வந்து மூன்று வாரமாகிறது. லண்டனில் அவருக்கு எதுவும் ஒட்டவில்லை. அரண்மனை, பாலம், பெரிய ராட்டினம், எல்லாவற்றுக்கும் ஒரே "ம்". போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர்ல காடு கழனி, கிணறு எதுவும் கிடையாதா?" சிவகங்கைப் பக்கம் இருபது வருஷம் கிணறு வெட்டிய மனுஷர். கிணறு என்றதும்தான் எனக்கு இந்தக் கிராமம் ஞாபகம் வந்தது.

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் தெற்குக் கோடியில், சில்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிறது ஸ்டோக் ரோ. நீளமாக ஒரு தெரு, ஒரு கடை, பள்ளிக்கூடம், தேவாலயம். வீட்டுச் சுவர்களில் செங்கல்லுக்கு நடுவே சிக்கிமுக்கிக் கல்லை உடைத்துப் பதித்திருக்கிறார்கள். உடைந்த முகம் கண்ணாடி மாதிரி கறுப்பாக மின்னுகிறது. அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது வெட்டுற கல்லு இல்ல, கடப்பாரைய முறிக்கிற கல்லு" என்றார்.

சாயங்காலம் தலைக்கு மேலே ஒரு பருந்து. செம்பழுப்பு உடம்பு, பிளந்த வால். அப்பா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது கருடன் இல்லை, வேறு சாதி என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இந்தப் பறவையைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்துவிட்டு, பிறகு 1989 தொடங்கி ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இப்போது காக்கை மாதிரி எங்கே பார்த்தாலும் இருக்கிறது.

ஒன்பது மணிக்கே படுத்துவிட்டோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை.

மே 11, சனி

காலையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ரொட்டி வைத்துக்கொண்டே, "ராத்திரி பார்த்தீர்களா?" என்றார். தென் இங்கிலாந்து முழுக்க வானம் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் துருவ ஒளியில் எரிந்திருக்கிறது. அவர் தோட்டத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தாராம். நாங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "வானம் எங்க போகப்போகுது. கிணத்தக் காட்டு."

தெருவோரத்திலேயே இருக்கிறது. இரும்புத் தூண்களின் மேல் ஒரு குவிமாடம். அதன் கீழே வாளி இழுக்கும் இயந்திரம், பெரிய சக்கரம், பல்சக்கரம். அந்த இயந்திரத்தின் மேலே பொன்னிறத்தில் ஒரு யானை. பக்கத்தில் காவல்காரருக்குக் கட்டிய, பொம்மை வீடு போன்ற குடில். ஆங்கிலக் கிராமத்துத் தெருவில் காசியிலிருந்து தப்பி வந்த மண்டபம் மாதிரி நிற்கிறது.

உண்மையிலேயே காசிக்காரர் கொடுத்ததுதான். பனாரஸ் மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த எட்வர்ட் ரீட் இந்தப் பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரர். 1831-இல் ஆசம்கரில் ஒரு கிணறு வெட்டுவித்தவர். தன் ஊர்ப் பக்கத்திலும் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு, வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு பையனை அவன் அம்மா அடித்ததைப் பார்த்திருக்கிறேன் என்று மகாராஜாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். ரீட் ஊர் திரும்பிய பிறகு மகாராஜா அதை ஞாபகம் வைத்து, கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். 1863 மார்ச்சில் தொடங்கி, அடுத்த வருஷம் மே மாதம் விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் திறந்தார்கள்.

இவ்வளவு மழை பெய்கிற நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா? நானும் முதலில் நம்பவில்லை. குன்று முழுக்கச் சுண்ணப் பாறை. எவ்வளவு பெய்தாலும் கடற்பாசி மாதிரி உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும். மேலே ஓடையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. களிமண் தோண்டிய பள்ளங்களில் தேங்கியதைத்தான் ஜனங்கள் மொண்டு குடித்திருக்கிறார்கள்.

ஆழம் 368 அடி என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "அடியா? கையாலயா வெட்டினாங்க?"

கையால்தான். குறுக்களவு நாலே அடி. அப்பா இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். முழுதாக விரியாது என்று புரிந்ததும் முழங்கையை மடக்கி, இல்லாத மண்வெட்டியைப் பிடித்து ஒரு கொத்து கொத்திக் காட்டினார். அவ்வளவுதான் இடம். "ரெண்டாவது ஆளு நிக்க முடியாது. ஒருத்தன் வெட்டணும், அவனே அள்ளணும். அம்பது அடிக்குக் கீழ போனாலே காத்து கெட்டுப்போகும். விளக்க எறக்கிப் பார்ப்போம், அணைஞ்சா ஆளு எறங்கக் கூடாது." கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டினவன் பேரு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார். கொடுத்தவர் பெயர் மாடத்தைச் சுற்றிலும் இருக்கிறது. வெட்டியவர் பெயர் எங்கள் கண்ணில் படவில்லை.

கிணற்று வாயை மூடி வைத்திருக்கிறார்கள். கல் போட்டுப் பார்க்க முடியாததில் அவருக்குப் பெரிய குறை. சத்தம் வர ஐந்து விநாடி ஆகும் என்று போனில் கணக்குப் போட்டுச் சொன்னேன். கண்ணை மூடி ஒன்று, இரண்டு என்று ஐந்துவரை எண்ணிவிட்டு, "அடேயப்பா" என்றார். ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிஷம் ஆகுமாம்.

கிணற்றைப் பராமரிக்கச் செர்ரித் தோப்பு ஒன்றும் வைத்துக் கொடுத்திருக்கிறார் மகாராஜா. பழம் விற்ற காசில் செலவு நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு. பூவெல்லாம் உதிர்ந்து, சுண்டைக்காய் அளவில் பச்சைப் பிஞ்சு பிடித்திருந்தது.

தோப்பு பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "மகாராஜா பணம்னா யாரு பணம்?" மொத்தச் செலவு 353 பவுண்டுக்கு மேல். பனாரஸ் சீமையில் உழுதவன் கட்டிய பணம்தானே என்றேன். "அவனுக்குக் கிணறு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு டப்பாவை மூடினார். மகாராஜாவின் நல்ல மனசு பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அப்பாவின் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

மே 12, ஞாயிறு

இப்ஸ்டன் வரை நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினோம். வழியெல்லாம் பீச் மரக்காடு. ப்ளூபெல் பூக்கள் வாடி, நீலக்கறை மட்டும் மிச்சம். முன்பெல்லாம் இந்தக் காடுகளிலேயே கொட்டகை போட்டு நாற்காலிக் கால் கடைந்து ஹை விக்கம் பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். இன்று காட்டில் நாங்களும் ஒரு நாயும்தான்.

பாதை தவறி இறங்கியதில் என் கணுக்கால் முழுக்க நெட்டில் செடி பட்டுத் தடித்துவிட்டது. நம் காஞ்சொறிக்கு அக்காள். நாய்க்காரர் ஒருவர் அகலமான இலையைப் பறித்துத் தேய்க்கச் சொன்னார். எரிச்சல் குறைந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இடி வேறு உருட்ட ஆரம்பித்தது. சரி, இப்ஸ்டன் வேண்டாம் என்று திரும்பிவிட்டோம்.

மே 13, திங்கள்

மழை. டாக்ஸிக்காரரிடம் பேசி, சுற்றிக்கொண்டு போக ஏற்பாடு. நெட்டில்பெட் என்ற ஊரில் வீடுகளுக்கு நடுவே பாட்டில் வடிவத்தில் ஒரு பழைய செங்கல் சூளை. காரை நிறுத்தச் சொன்னார் அப்பா, ஆனால் இறங்கவில்லை. "உசந்த சூளை" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் குன்றிறங்கி யூவெல்ம். 1437-இல் தொடங்கிய முதியோர் இல்லத்தில் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஊர்ப் பெயருக்கே ஊற்றுக்கண் என்றுதான் அர்த்தம். மேலே குன்று விழுங்குகிற மழையெல்லாம் சுண்ணப் பாறைக்குள் இறங்கி, அடிவாரத்து ஊர்களில் இப்படித்தான் பொங்கி வருகிறது. தெருவோரமாகவே அந்தத் தண்ணீரைப் படிப்படியாகப் பாத்தி கட்டி, வாட்டர்கிரெஸ் கீரை வளர்த்து விற்றிருக்கிறார்கள்.

அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையை விட்டார். மணிக்கட்டு நனைவதற்குள் விரல் தரையைத் தொட்டுவிட்டது. அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அங்க 368 அடி," என்றார். தண்ணீருக்குள்ளேயே கையைத் திருப்பி, மூழ்கிய அளவைப் பார்த்தார். "இங்க ஒரு சாண் இல்ல."

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா எழுந்திருக்கவில்லை.