இரண்டு துறைகளுக்கு நடுவே ஒரு முனைவர் பட்டம்

கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்குகிறது. இந்த இடங்களைப் பற்றிய தகவல் உரிமையுள்ள பெற்றோரை எவ்வழியே வந்தடைகிறது, எங்கே தடைபடுகிறது என்பதே என் ஆய்வுப் பொருள். இதில் ஒரு பாதி கல்வியியலுக்கும் மறுபாதி நூலக, தகவல் அறிவியலுக்கும் உரியது.

ஆய்வுக் குழுவின் முதல் கேள்வி, பட்டம் எந்தத் துறையில் வழங்கப்படும் என்பதாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் வேறு துறையிலிருந்து இணை நெறியாளரை அமர்த்திக்கொள்ள இடம் தருகின்றன. ஆனாலும் பிற்பாடு உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பாடப்பெயரைத்தான் பார்ப்பார்கள் என்பதால், கல்வியியலில் பதிவுசெய்து, தகவல் அறிவியல் பேராசிரியரை இணை நெறியாளராக ஏற்கும் ஆணையைத் தொடக்கத்திலேயே எழுத்துமூலம் பெற்றுக்கொண்டேன். இத்தகைய ஆய்வில் இறங்குபவர்கள் முதலில் முடிக்க வேண்டிய வேலை இது என்பேன்.

எதைச் சான்றாகக் கொள்வது என்பதில் எழுந்த கருத்து வேறுபாடு எளிதில் தீரவில்லை. கல்வியியல் தரப்பு வினாநிரலையும் புள்ளியியல் சோதனைகளையும் எதிர்பார்த்தது. தகவல் அறிவியல் தரப்போ ஒரு செய்தி கைமாறும் பாதையைத் தடம்பிடிக்கச் சொன்னது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதான 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது சமவாய்ப்பைப் பற்றிய கூற்று என்று இணை நெறியாளர் எடுத்துக்காட்டிய பிறகே, இரு தரப்பும் பேசுவது ஒன்றைத்தான் என்பது குழுவுக்குப் புலப்பட்டது.

பள்ளிவாரியான விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாடினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் இடங்கள், விண்ணப்பங்கள், நிராகரிப்புக்கான காரணங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை மட்டும் கேட்டேன். குழந்தைகளின் பெயர்களைக் கேட்டால் தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. 'விவரங்கள் இணையதளத்தில் உள்ளன' என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. நிராகரிப்புக் காரணங்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதைக் குறிப்பிட்டு, 19(1) பிரிவின்கீழ் 30 நாள் கெடுவுக்குள் முதல் மேல்முறையீடு செய்ததும், ஒரு பகுதி விவரம் கிடைத்தது. தகவல் மறைக்கப்படும் விதத்தைப் பற்றி எழுதுபவருக்கு அந்த ஒற்றை வரிப் பதிலும் தரவுதான். அதைப் பின்னிணைப்பில் சேர்த்தேன்.

களப்பணியில்தான் ஆய்வு உயிர்பெற்றது. தம் பேச்சு பிள்ளையின் இடத்தைப் பாதித்துவிடுமோ என்று பெற்றோர் அஞ்சியதால், பள்ளி வளாகத்துக்கு வெளியே சந்தித்து, கையொப்பம் கேட்காமல் வாய்மொழி ஒப்புதலைப் பதிவுசெய்துகொள்ள நெறிமுறைக் குழுவிடம் தனி அனுமதி பெற்றேன். நான் பேசியவர்களில் மிகச் சிலரே அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். மற்றவர்களுக்கு அங்கன்வாடிப் பணியாளரோ, இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவரோ, முந்தைய ஆண்டு இடம் பெற்ற பக்கத்து வீட்டுக்காரரோதான் வழிகாட்டியிருந்தார்கள். இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவான வருமானம் என்று சான்று பெறுவதற்குள் விண்ணப்ப நாள் முடிந்துபோனதாகச் சொன்னவர்களும் உண்டு. செய்தியை அறிந்திருந்தும் காலம் தாழ்ந்து அறிந்த இவர்களை, ஆம் அல்லது இல்லை என்ற விடைகளுக்கு மட்டும் இடம்தரும் வினாநிரல் 'அறிந்தவர்' பட்டியலில் சேர்த்துவிடும்.

வாய்மொழித் தேர்வில் கல்வியியல் தேர்வாளர் மாதிரியின் அளவைத் துருவிக் கேட்டார். தகவல் அறிவியல் தேர்வாளர் கிளை நூலகங்களை ஏன் கூடுதலாக ஆராயவில்லை என்றார். இரண்டாவது கேள்விதான் வலுவானது. ஆய்வேடு இப்போது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் இருக்கிறது. தேவையான சான்றுகளையும் அவற்றைப் பெறும் வழியையும் விளக்கும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றைத் தயாரித்து, களப்பகுதியின் கிளை நூலகங்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.