ஸ்டாப் ஒயர்

"நீங்க ஒயரைக் கழட்டுனதை நானுந்தான் பாத்தனுங்களே. நானே கழட்டிக்கறேன், உடுங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். காவிரியில் அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற அவருடைய படகின் எஞ்சின், ஸ்டார்ட் ஆகாமல் என் பட்டறைக்கு வந்திருந்தது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். வேறொருவர் பிளக் இரண்டையும் மாற்றி, ஸ்பார்க்குக்குக் கரண்ட் அனுப்பும் சிடிஐ பெட்டியையும் மாற்றிப் பார்த்துவிட்டிருந்தார். அதில் ஒரு பெரிய தொகை போயிருந்தது. இரண்டு சிலிண்டரிலும் ஒரே சமயத்தில் ஸ்பார்க் இல்லை என்றால், முதலில் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் பிளக்கும் அதன் காயிலும் சிலிண்டருக்குத் தனித்தனி. இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் போவது அபூர்வம். இந்த வகை எஞ்சினுக்கு பேட்டரி தேவையில்லை. பிளைவீல் காந்தம் சுற்றும்போது சார்ஜ் காயிலில் கரண்ட் பிறக்கிறது, சிடிஐ அதைச் சேர்த்துவைத்துச் சரியான நேரத்தில் இக்னிஷன் காயிலுக்குத் தள்ளுகிறது. நிறுத்துகிற ஸ்விட்ச் செய்வதெல்லாம் அந்தக் கரண்டை எர்த்துக்குக் கொண்டுபோவதுதான். ஸ்விட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டால், எஞ்சினுக்கு எந்நேரமும் 'நில்' என்ற உத்தரவு போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் அந்த ஸ்விட்சிலிருந்து வரும் ஸ்டாப் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுத்தேன். இரண்டு பிளக்கிலும் நீல ஸ்பார்க் பளிச்சென்று வந்தது. அவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துத்தான் காட்டினேன். மோட்டார் ரிவைண்டிங்கில் ஆரம்பித்த காலத்திலிருந்து எனக்கு இது வழக்கம். எரியாத காயிலை எரிந்துவிட்டது என்று சொல்லிக் காசு பார்ப்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. கண்ணால் பார்த்தால்தான் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இப்படியே மூடிக் குடுத்துருங்க தம்பி. நிறுத்தறதுக்குச் சோக்கை இழுத்துக்கறேன்."

முடியாது என்றேன். ஓட்டுகிறவர் இடுப்பிலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொள்ளும் கயிறு அந்த ஸ்விட்சில்தான் முடிகிறது. ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். அது இல்லாவிட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவரிடமே திரும்பி வரலாம், ப்ரொப்பல்லர் சுற்றிக்கொண்டே. பதினெட்டாம் பெருக்கன்று கரையோரம் எத்தனை தலைகள் தண்ணீரில் இருக்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு ஹாரன் பட்டனைப் போட்டு நிறுத்த வழி செய்யலாம்தான். விழுந்தபின் பட்டனை யார் அமுக்குவது? புது ஸ்விட்ச் கொச்சியிலிருந்து பஸ் பார்சலில் வர வேண்டும். அதுவரை பொறுங்கள் என்றேன்.

அப்போது அவர் கேட்டதுதான் என்னை விடவில்லை. "ஆத்துல ஒருத்தனை அடிச்சுட்டுப் போகுதுன்னு வைங்க. துடுப்புப் போட்டுட்டா நான் போறது?"

கூட்டமான நாளில் அவருடைய படகு ஆள் ஏற்றுவதற்கு மட்டுமல்ல, யாராவது இழுத்துக்கொண்டு போனால் முதலில் கிளம்புவதும் அதுதான். நான் ஒரு ஆபத்தைத் தடுக்கப் பார்த்தேன். அவர் இன்னொன்றைச் சொன்னார். எது பெரியது என்று பட்டறையில் உட்கார்ந்து நான் எப்படி முடிவு செய்வது? ஆனாலும் என் கையால் அந்த ஒயரைத் தொங்கவிட்டு மூடித்தர எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வராது. மறுபடி மாட்டித்தான் கொடுத்தேன். அதன்பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். எஞ்சினை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருடைய பொருள், பிடித்துவைக்க எனக்கு உரிமை கிடையாது.

ஸ்விட்ச் வந்ததும் மாட்டுவதற்குக் கொண்டுவந்தார். மேல்மூடியைத் திறந்தால், ஸ்டாப் ஒயர் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, அழகாக ஓரமாகக் கட்டியிருந்தது. "ஒண்ணும் ஆகலீங்க, நல்லபடியாத்தான் போச்சு" என்றார். நானும் சரிங்க அண்ணா என்றேன். ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது சரி என்றாகிவிடாது. ஆனால் நான் மறுத்ததால் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. எஞ்சின் அன்றைக்கு அப்படித்தான் ஓடியது. நான் மறுத்ததில் மிச்சமானது, அதை நான் செய்யவில்லை என்பது மட்டும்தான். அது அவருக்காகவா, தண்ணீரில் நின்றவர்களுக்காகவா, எனக்காகவா?

பக்கத்துப் பட்டறை மாமாவிடம் சொன்னபோது, "அவனை எதுக்குக் கிட்டத்துல நிறுத்துனே? டீ குடிச்சுட்டு வரச் சொல்லிட்டு செக் பண்ணியிருக்கணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். பழுதைக் காட்டுவதும் குறுக்குவழியைக் காட்டுவதும் இந்த இடத்தில் ஒரே வேலையாகிவிடுகிறது. மறைத்துச் செய்தால் அவர் அன்றைக்குப் படகு எடுத்திருக்க மாட்டார், ஒருவேளை. ஆனால் ஏற்கெனவே ஒருவர் தேவையில்லாமல் சிடிஐயை மாற்றிக் காசு வாங்கியிருக்கிறார். நானும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தால், ஸ்விட்ச்தான் கோளாறு என்று நான் சொல்வதை அவர் எதற்கு நம்ப வேண்டும்?

போன வாரம் பவானிசாகர் பக்கமிருந்து இதே மாதிரி ஒரு எஞ்சின் வந்தது. ஆளைப் பக்கத்தில் நிறுத்தித்தான் ஒயரைக் கழற்றினேன். கழற்றுவதற்கு முன்பே அந்தக் கயிறு எதற்கு என்பதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்பார்க் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இப்படியே ஓட்டலாங்களா?"