அப்பாவின் வீட்டுக்கு என் பெயரில் வந்த வரி

லண்டனில் தனியாகக் குடியிருந்ததால் அப்பா, உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்கு முக்கால்பங்கு வீட்டு வரிதான் கட்டிவந்தார். அவர் இறந்த மறுநாளிலிருந்து, யாருமே குடியிருக்காத அதே வீட்டுக்கு முழு வரி கேட்டுக் கடிதம் வந்தது. அதுவும் என் பெயருக்கு, என் வீட்டு முகவரிக்கு.

அப்பா காலமானது நவம்பரில். லண்டனில் மரணப் பதிவு முடித்து, தகனத்துக்கு நாள் எடுத்து, ஊர்ச் சனங்களுக்கு அறிவித்து முடிப்பதற்குள்ளேயே கிழமைகள் ஓடிவிடும். மரணச் சடங்கான அந்தியேட்டிக்கு ஐயர் சொன்ன சாமான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. மார்ச் கடைசி வரைக்குமான தொகை, தவணைத் தேதிகள், தவறினால் நீதிமன்ற அழைப்பாணை வரும் என்ற எச்சரிக்கை, எல்லாம் ஒழுங்காக அச்சடித்திருந்தார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவிடம் சொன்னேன். "கட்டிவிடு பிள்ளை, பாதியை நான் அனுப்புகிறேன். அப்பா கடன் வைத்துவிட்டுப் போனார் என்று யாரும் சொல்லக் கூடாது" என்றார். சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போய், அந்தியேட்டிக்கு முன்னமே தீர்த்துவிட வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். ஊரில் வீட்டுக்குக் கட்டிய சோலைவரியின் பற்றுச்சீட்டுகளையே இடப்பெயர்வுகளுக்கு நடுவிலும் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர். லண்டனுக்கு வந்த பிறகும் வருடத்துக்கு ஒரு கோப்பு, அதற்குள் மாத வரிசையில் கடிதங்கள். எடுத்துப் பார்த்தேன். கவுன்சில் வரியை ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பத்துத் தவணையாகக் கட்டுவது இங்கே வழக்கம். நவம்பர்த் தவணையும் வங்கியிலிருந்து போயிருந்தது. அவர் வைத்த கடன் ஒரு பென்ஸ்கூட இல்லை. அவர் இல்லாத நாட்களுக்குக் கேட்கும் பணம் எப்படி அவருடைய கடனாகும்?

என்னுடைய கடனும் அல்ல. இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு விலக்கு இருக்கிறது. வகுப்பு எஃப் என்று பெயர். வீட்டுக்குச் சொந்தக்காரர் இறந்து, அன்றிலிருந்து வீட்டில் யாரும் குடியிருக்காவிட்டால், சொத்தைப் பொறுப்பேற்கும் ஆவணம் நீதிமன்றத்திலிருந்து கிடைக்கும் வரை வரி இல்லை. கிடைத்த பிறகும், வீடு விற்கப்படாமலும் வாரிசுகளின் பெயருக்கு மாற்றப்படாமலும் இருந்தால், மேலும் ஆறு மாதம் வரை இல்லை. உயில் இருந்தால் அந்த ஆவணம் புரோபேட். இல்லாவிட்டால் நிர்வாகப் பத்திரம். ஆயிரம் பேருடைய காணி உறுதிகளைப் பார்த்த அப்பா, தனக்கென்று ஒரு மரணசாதனம் எழுதவில்லை. ஆகவே எங்களுக்கு இரண்டாவது வழிதான்.

வீட்டுக்குள் கட்டிலும் அலுமாரியும் அப்படியே கிடக்கின்றன என்பது இந்த விலக்கைப் பாதிக்காது. செத்த வீட்டுக்கு வந்த மச்சாள் குடும்பம் சில இரவுகள் அங்கே படுத்ததும் அப்படித்தான். அவர்கள் விருந்தினர், குடியேறியவர்கள் அல்லர்.

பிறகு எப்படி என் பெயர் அங்கே போனது? மரணத்தைப் பதியும் இடத்தில் டெல் அஸ் ஒன்ஸ் என்ற சேவைக்கு ஓர் இலக்கம் தருவார்கள். ஒரு முறை விவரம் கொடுத்தால் ஓய்வூதியம், கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், கவுன்சில் எல்லாவற்றுக்கும் அதுவே போய்ச்சேரும். நல்ல ஏற்பாடுதான். அதில், சொத்து விடயங்களை யார் கவனிக்கிறார்கள் என்ற கேள்விக்கு என் பெயரைக் கொடுத்திருந்தேன். கவுன்சிலில் யாரோ கவனிப்பவரைச் சொந்தக்காரராகப் பதிந்துவிட்டார்கள். தொலைபேசியில் பேசிய பெண், ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் அனுதாபம் தெரிவித்துவிட்டு, "வீடு இப்போது உங்களுடையதுதானே?" என்று கேட்டார். இல்லை அம்மா, இன்னும் அப்பாவுடைய மரணச் சொத்துத்தான், அவர் விட்டுப்போன, இன்னும் யாருக்கும் பிரித்துக் கொடுக்காத சொத்து என்றேன். எழுத்தில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்: மரணச் சான்றிதழின் பிரதி, காணிப் பதிவகத்தில் அப்பாவின் பெயர் மட்டும் இருப்பதைக் காட்டும் தாள், நிர்வாகப் பத்திரத்துக்கு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சி. கேட்டது வகுப்பு எஃப் விலக்கு என்று முதல் வரியிலேயே எழுதினேன்.

அந்தப் பதிவகத் தாள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் ஆட்களில் பலர் வங்கிக் கடன் எடுப்பதற்காகப் பிள்ளையின் பெயரையும் வீட்டு உறுதியில் சேர்த்திருப்பார்கள். என் சிநேகிதி ஒருத்தியின் நிலைமை அதுதான். அவளும் சொந்தக்காரி என்பதால், தாய் இறந்தபின் காலியாகக் கிடந்த வீட்டுக்கு வகுப்பு எஃப் கிடைக்கவில்லை. அவள் கையிலிருந்துதான் கட்டினாள்.

கவுன்சில் இரண்டு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ இந்த வரித் தகராறுகளை விசாரிக்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் பதில் வருவதற்கு முன்னால், எதையும் அறியாத கணினியிலிருந்து நினைவூட்டல் கடிதம் வந்தது. நினைவூட்டலுக்கு ஏழு நாள்தான் அவகாசம். விட்டால் முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கேட்கும் நிலைக்குப் போய்விடும். ஆகவே விலக்குக் கேட்டிருப்பதைச் சொல்லி, முடிவு வரும்வரை வசூலை நிறுத்திவைக்கும்படி உடனே மறுபடியும் எழுதினேன். அண்ணா அன்றிரவும் பணம் அனுப்பவா என்று கேட்டார்.

ஜனவரி முடிவில் புதிய கடிதம் வந்தது. வரி பூச்சியம். அத்துடன், நவம்பர் வரையான தவணைகளில் அப்பா கூடுதலாகக் கட்டியிருந்த தொகையைத் திருப்பித் தருகிறார்களாம். காசோலை அப்பாவின் பெயரிலேயே வந்தது. அவருடைய வங்கிக் கணக்கு மூடிக் கிடக்கிறது, மாற்ற வழியில்லை. மரணச் சொத்தின் பெயருக்கு மாற்றித் தரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நிர்வாகப் பத்திரம் இன்னும் வரவில்லை. வந்தால் ஆறு மாதக் கணக்குத் தொடங்கும், அதற்குப் பிறகு மரணச் சொத்திலிருந்து முழு வரி. ஓராண்டு காலியாக, தளபாடமில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு இரட்டை வரி போட 2024 ஏப்ரலிலிருந்து கவுன்சில்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் 2025 ஏப்ரலில் வந்த விதியின்படி, பத்திரம் கிடைத்துப் பன்னிரண்டு மாதம் வரை அந்த மேலதிகத்தைப் போட முடியாது. அண்ணாவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதை இனி அவரும்தான் யோசிக்க வேண்டும். வாடகைக்கு விட்டால் வரி குடியிருப்பவரின் பாடு.