கடலைக்கு ஒரு சொல்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்த முதல் மாதத்தில் நான் கற்ற சிசிலியச் சொல் 'சீச்சிரி'. கொண்டைக்கடலை என்று பொருள். பல்லாரோ சந்தையில் பருப்பு விற்கும் முதியவர் நான் விரல் நீட்டிக் காட்டியதை ஏற்கவில்லை. வாயால் சொல்ல வைத்தார். மூன்றாம் முறை சரியாக வந்ததும், "இனி உன்னை யாரும் கொல்ல மாட்டார்கள்" என்று தோளில் தட்டினார். எனக்கு மொழி பாதிதான் புரிந்தது. 'கொல்ல' என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது.

அதன் கதையை மொழி வகுப்பு ஆசிரியை சொன்னார். பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கின் குடும்பம் ரோமுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஆண்டது. இரு பக்கமும் நெருக்குண்ட பாப்பரசர்கள், சிசிலியின் முடியைப் பிரெஞ்சு மன்னரின் தம்பி அஞ்சூ சார்லஸுக்குக் கொடுத்தார்கள். பிரெடெரிக்கின் மகன் மான்பிரெட் 1266இல் பெனெவெந்தோ போரில் மாண்டான். பேரன் கொன்ராதினுக்குப் பதினாறு வயது. 1268இல் நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலையை வெட்டினார்கள். சிசிலியர்களை யாரும் கேட்கவில்லை. வரி மட்டும் அவர்களிடம் கேட்கப்பட்டது.

1282 மார்ச் 30, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள். நகர மதிலுக்கு வெளியே இருந்த சாந்தோ ஸ்பீரித்தோ ஆலயத்தில் மாலைச் செபத்துக்கு மக்கள் கூடியிருந்தார்கள். பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் ஒரு பெண்ணிடம் அத்துமீறினான் என்றும் அவள் கணவன் அவனைக் குத்திக் கொன்றான் என்றும் சொல்கிறார்கள். மணி அடித்தது. அன்றிரவு நகரெங்கும் பிரெஞ்சுக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். துறவு மடங்களுக்குள்ளும் புகுந்து, அந்நியத் துறவிகளை வெளியே இழுத்து, 'சீச்சிரி' சொல்லச் சொன்னார்களாம். நாக்குப் புரளாதவர்கள் பிழைக்கவில்லை.

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் எழுத முடியவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் அப்பா ஏறியிருந்த பஸ்ஸை மறித்து, வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். 'பால்திய'. அப்பா கொழும்பில் வளர்ந்தவர், சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தவரை இறக்கிக்கொண்டு போனார்கள்.

சிசிலியர்களின் கலகத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. வடஇத்தாலிய நகரங்களைப் போல நாங்களே எங்களை ஆண்டுகொள்கிறோம், திருச்சபை எங்களைக் காக்கட்டும் என்று பலெர்மோ மக்கள் பாப்பரசரிடம் கேட்டார்கள். அப்போதைய பாப்பரசர் நான்காம் மார்ட்டின் பிரெஞ்சுக்காரர், சார்லஸின் பக்கம் நின்றவர். அவர் மறுத்துவிட்டார், கலகம் செய்தவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கியும் வைத்தார். தங்கள் மதத்தின் தலைவரே கதவை அடைத்த பிறகு, அவர்கள் மான்பிரெட்டின் மருமகனான அரகோன் மன்னர் பேதுருவை அழைத்தார்கள். ஆகஸ்ட் மாதம் அவர் திராப்பானியில் கரையிறங்கினார். போர் 1302 வரை, இருபது ஆண்டுகள் நீண்டது.

இத்தாலிய தேசிய கீதத்தில் அந்த மாலைச் செப மணியைப் பற்றி ஒரு வரி உண்டு. என் மகன் பள்ளியில் அதைப் பாடப் பழகியிருக்கிறான். அவன் பாடட்டும், இது அவன் பிறந்த ஊர். நான் அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

சாந்தோ ஸ்பீரித்தோ இன்று ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. சென்ற மாதம் தனியாகப் போய் வந்தேன். கறுத்த எரிமலைக் கற்கள் இடையிட்ட பழைய சுவரைத் தொட்டுவிட்டு, அன்றிரவு தொலைபேசியில் அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

பிறகு, "அந்தச் சாமிமாரையுமா?" என்று கேட்டார்.