ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி 500 டாலர்

சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை வங்கிக்கு வந்துவிடும். மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் ஏடிஎம்மில் 500 டாலர் எடுப்பேன். மஞ்சள் நிறத்தில் 50 டாலர் தாள் பத்து. முதலாளி எண்ணிப் பார்க்க மாட்டார். கல்லாவுக்குள் போட்டுவிட்டு, "சட்னி அரைச்சாச்சா தம்பி?" என்பார். 2024 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இப்படித்தான் ஓடியது.

நான் சமையல்காரன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். 2022 பிப்ரவரியில், சிட்னியின் மேற்குப் புறநகரில் இருந்த ஒரு தென்னிந்திய உணவகத்துக்கு 482 விசாவில் வந்தேன். ஒரு முதலாளி ஸ்பான்சராகப் பொறுப்பேற்றுக் கூப்பிட்டால் கிடைக்கும் தற்காலிக ஆஸ்திரேலிய வேலை விசா அது. பழைய 457 விசாவை எடுத்துவிட்டு 2018 மார்ச்சில் கொண்டுவந்தது இந்த 482. வரும்போதே தொழில்களை இரண்டு பட்டியலாகப் பிரித்துவிட்டார்கள். 'செஃப்' நீண்டகாலப் பட்டியலில் இருந்தது: நான்கு வருட விசா, பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வாங்க வழியும் உண்டு. 'குக்' குறுகியகாலப் பட்டியலில்: இரண்டு வருடம், அதோடு சரி. தோசைக்கல் முன்னால் நிற்கிறவனுக்கு இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? என் தாளில் 'குக்' என்று எழுதியிருந்தது. அப்போது அதைக் கவனிக்கக்கூட இல்லை.

2023-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஜூலை 1 அன்று, பத்து வருடமாக 53,900 டாலரிலேயே நின்றிருந்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 70,000 ஆனது. நவம்பர் 25 முதல், குறுகியகாலப் பட்டியலில் இருப்பவர்களும் முதலாளி மூலம் 186 என்ற பி.ஆர். விசாவுக்குப் போகலாம் என்றார்கள். அதற்குச் செய்திருக்க வேண்டிய மூன்று வருட வேலை இரண்டாகக் குறைந்தது. அன்று இரவு அடுப்படியில் நாங்கள் மூன்று பேர் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம்.

ஆனால் 70,000 என்பது ஏற்கெனவே விசாவில் இருப்பவருக்குத் தானாக வராது, முதலாளி புதிதாக நாமினேஷன் (இந்த வேலைக்கு இவர்தான் என்று அரசிடம் போடும் விண்ணப்பம்) போடும்போதுதான் பொருந்தும் என்பது பிறகுதான் புரிந்தது. எனக்கு 2024 பிப்ரவரியில் விசா முடிகிறது. முதலாளி கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரூல் மாறிடுச்சு தம்பி. பேப்பர்ல 70,000 காட்டணும். எனக்குக் கட்டுப்படியாகாது. நீங்கதான் பாத்து செய்யணும்." அப்படி வந்ததுதான் அந்த 500: வங்கிக்கு வரும் சம்பளத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக அவரிடமே திருப்பிக் கொடுப்பது. வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக அரசுக்கு அவர் கட்ட வேண்டிய பயிற்சி நிதியும் என் தலையில்தான் விழுந்தது. சின்னக் கடைகளுக்கு அப்போது அது வருடத்துக்கு 1,200 டாலர். அதைத் தொழிலாளியிடம் வாங்குவதே சட்டப்படி தப்பு. தெரிந்துதான் கொடுத்தேன். மகள் நான்காம் வகுப்பு. எங்கே போவது?

இதில் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்த 500 டாலர்கூட இல்லை. கைக்கே வராத பணத்துக்கு வரி கட்டினேனே, அதுதான்.

மேஸ் ஹில் முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இப்ப 60 நாள் இல்லைங்க, 180." வேலையை விட்டால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்பதுதான் எங்களை எல்லாம் வாய்மூட வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதும் சேர்த்து 365 நாள். அந்த நாட்களில் வேறு இடத்தில், வேறு வேலையும் செய்யலாம். விசாவைக் காட்டி மிரட்டுவதைக் குற்றமாக்கிய சட்டமும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. புகார் கொடுங்கள் என்று சிலர் சொன்னார்கள். கொடுக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

ஆகஸ்டில் நின்றுவிட்டேன். இரண்டு மாதம் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டே கடை கடையாகக் கேட்டேன். கடைசியில் வொலன்காங்கில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதியின் உணவகத்தில் இடம் கிடைத்தது. சம்பளப் பேச்சு வந்ததும் கைப்பணம் எவ்வளவு என்று நானே கேட்டுவிட்டேன். அக்கா முகம் மாறிவிட்டது. "எழுதின சம்பளம்தான் தாறது தம்பி. அந்தக் கதையெல்லாம் எங்களிட்ட இல்லை." அதற்குள் குறைந்தபட்சம் 73,150 ஆகியிருந்தது. அதையே எழுதினார்கள். நவம்பரில் நாமினேஷன் கிடைத்தது.

முதலாளி மாறியதால் பி.ஆருக்கு மறுபடி இரண்டு வருடம் முதலிலிருந்து என்றுதான் நினைத்தேன். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 186-க்கு 45 வயது ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு 2025 ஜூனில் 45.

2024 டிசம்பர் 7 அன்று 482 விசாவுக்கு 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயர் எனக்கு முக்கியமில்லை. அதோடு வந்த ஒரு வரிதான் முக்கியம்: எந்த ஸ்பான்சரிடம் வேலை செய்திருந்தாலும் அந்தக் காலம் கணக்கில் சேரும். கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இருந்தால் போதும். விசா ஏஜென்ட் போனில் சொன்னபோது மாவாட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

பழைய முதலாளி அனுபவச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார். பே ஸ்லிப், வரி அலுவலகத்தின் வருமானக் கணக்கு, சூப்பர் என்கிற ஓய்வூதியச் சேமிப்பு நிதிக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் என்று சேர்த்துத்தான் நிரூபித்தோம். அதனால் சொல்கிறேன், பே ஸ்லிப்பை மாதாமாதம் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். கடையின் ஆப்பில் இருக்கிறது என்று விட்டால், வேலையை விட்ட மறுநாள் அது திறக்காது.

மிச்சம் இருந்தது ஆங்கிலம். 482-க்கு ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் சராசரி 5 போதுமாக இருந்தது. 186-க்கு அப்போது நான்கு பகுதியிலும் 6, அல்லது பிடிஈ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வில் நான்கிலும் 50 வேண்டியிருந்தது. நான் பிடிஈ எழுதினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் பேச வேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்துப் பையன் சொன்ன வாக்கியம்தான் என் வாயில் வந்தது. முதல் தடவை ரைட்டிங்கில் 47. அப்புறம் ஒரு மாதம், இரவு கடை மூடி வந்து மனைவி முன்னால் கட்டுரை எழுதி வாசித்துக் காட்டினேன். மகள் தூக்கக் கலக்கத்திலேயே திருத்துவாள்: "வெஜிடபிள் இல்லப்பா, வெஜ்டபிள்." அடுத்த தடவை 53.

2025 ஏப்ரலில் 186-க்கு விண்ணப்பம் போட்டோம். எனக்கு மட்டும் கட்டணம் 4,770 டாலர். மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனியாகக் கட்டினோம். நாமினேஷனுக்கான 3,000 டாலர் பயிற்சி நிதியை அக்காவே கட்டினார். நான் கேட்காமலேயே ரசீதின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பியிருந்தார்.

விசா கிராண்ட் (ஒப்புதல்) இன்னும் வரவில்லை. ஆனால் பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைத்தது. நீல நிற அட்டை, மூன்று பேர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக. மகளுக்குப் பல் வலி என்றதும் பெருமையாக அட்டையை எடுத்தேன். பல்லுக்கு இது ஆகாது என்று மனைவி சிரித்தாள்.