தம்பியை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன அனுபவம்

வீட்டில், இயக்கத்தில் இருந்து சண்டை முடிந்த பின் அரசின் புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டு விடுதலையாகி வந்த பிள்ளை இருந்து, அது இரவில் நித்திரை கொள்ளாமல் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தால், "இவ்வளவு காலத்துக்குப் பிறகு இனி என்ன வரப்போகிறது" என்று விட்டுவிடாதீர்கள். சண்டை 2009 மே மாதத்தோடு முடிந்தது. என் தம்பிக்கு வருத்தம் முற்றியது பல வருசம் கழித்து, கலியாணம் முடித்துப் பிள்ளையும் பிறந்த பிறகு. சீனக்குடாப் பக்கம் விமானம் தாழப் பறந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குனிவான். திருவிழா வெடி கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. கடைசியில் மகள் பின்னால் வந்து தொட்டதற்கு அவளைத் தள்ளி விழுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் வைத்தியரிடம் வரச் சம்மதித்தான்.

ஊர் வைத்தியர் கடிதம் தந்தார், அதில் சிக்கல் இல்லை. மூதூரிலிருந்து விடியற்காலை பஸ் எடுத்து, கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலை டவுனுக்கு வந்தோம். வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம்.

பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "புனர்வாழ்வா? அப்ப விடுதலைக் கடிதத்தையும் கொண்டுவாங்க" என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை. நம்பர் துண்டை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில்தான் பிடித்தேன். அன்றைய மேசன் வேலைச் சம்பளமும் போனது. பிறகு அங்கேயுள்ள ஒரு தாதி, கிண்ணியாக்காரி, என்னைத் தனியே கூப்பிட்டு, அடையாள அட்டையும் வைத்தியரின் கடிதமும் போதும், வேறு எதையும் யாரும் கேட்க முடியாது என்றார். அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

அடுத்த முறை வேறு பிரச்சினை. வைத்தியருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைக் கூப்பிட்டார்கள், அவரோ எங்கள் பக்கத்து ஊர்! தம்பி "தலையிடி" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். அதற்குத்தான் மருந்தும் கிடைத்தது. நான் விடவில்லை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான், தமிழில் கதைக்கிற டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று நின்றேன். அந்த வைத்தியர் கோபிக்கவில்லை, தானே வேறொரு நாள் எழுதித் தந்தார். கேட்டால் கிடைக்கும், கேளுங்கள்.

அந்த நாளில் டொக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். வாங்கில் நெடுநேரம் இருந்தேன். கண் சிவக்க வெளியே வந்தவன், "அக்கா, தேத்தண்ணி குடிப்பமா?" என்றான். அவன் தானாக ஏதாவது கேட்டு எவ்வளவு காலம்!

சண்டைக்களம் கண்டவர்களுக்கு எந்த நாட்டிலும் இது வரும், வியட்நாமில் இருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரைப் பார்த்த பிறகே 1980இல் மனவடு நோய் (PTSD) என்று மருத்துவத்தில் பெயர் வைத்தார்கள் என்று டொக்டர் சொன்னாராம். தான் மட்டும் பழுதாகிப் போகவில்லை என்பது அவனுக்கு அதில்தான் விளங்கியது. அரச படையில் இருந்து வந்தவர்களுக்கு இராணுவ வைத்தியசாலையும் ஓய்வூதியமும் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு, வருத்தத்தையும் மருந்தையும் எழுதித் தரும் இந்தக் கிளினிக் கொப்பிதான் எல்லாம், அதைத் தொலைக்காதீர்கள்.

செற்றலின் என்ற குளிசை தந்தார்கள். முதலில் வயிற்றைப் பிரட்டும், குணம் தெரியச் சில கிழமை எடுக்கும். தம்பி இரண்டாம் கிழமையே விடப் பார்த்தான். டொக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. நித்திரைக்கென்று சாராயத்தைத் தொட விடாதீர்கள். கொப்பியில் என்ன எழுதுகிறார்கள், யார் பார்ப்பார்கள் என்று பயமிருந்தால் டொக்டரிடமே நேராகக் கேளுங்கள், நாங்கள் கேட்டோம், பொறுமையாகச் சொன்னார். இரவில் நிலைமை மோசமானால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வெடிச்சத்தத்துக்கு இன்னமும் திடுக்கிடுகிறான். ஆனால் மகளைத் தூக்குகிறான். அடுத்த கிளினிக்குக்குத் தனியாகப் போகிறேன் என்கிறான். பதிவு மேசையில் அதே ஆள் இருந்தால் என்ன சொல்வது என்று அந்தத் தாதியே சொல்லித் தந்திருக்கிறார்: "அதை டொக்டரிடம் சொல்கிறேன்." அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை.