எதிரே நின்று கேட்டவர்: டெல்லி கணேஷ் பற்றிய நாட்குறிப்பு

10 நவம்பர் 2024, ஞாயிறு

நடிகர் டெல்லி கணேஷ் நேற்று இரவு காலமாகிவிட்டார் என்ற செய்தியோடுதான் இன்று விடிந்தது. வயது 80. நாள் முழுவதும் தொலைக்காட்சிகளில் அவருடைய நகைச்சுவைத் துணுக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. 400 படங்களுக்கு மேல் நடித்தவர் என்று ஒவ்வொரு செய்தியாளரும் தவறாமல் சொன்னார்கள். அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல்தான் வந்தது, ஏனென்றால் 400 படங்களில் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் சொல்லவில்லை.

அவரோடு எனக்குப் பழக்கமில்லை. நான் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பிராம்ப்டிங் செய்யும் உதவி இயக்குநர். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வசனத்தை வரிவரியாக உரக்கப் படிப்பதும், நடிகர்கள் அதைக் காதில் வாங்கிப் பேசுவதும்தான் எங்கள் அன்றாடம். இந்த வேலையில் பத்து வருடம் இருந்துவிட்டால், யார் எதிராளி பேசுவதைக் கேட்கிறார், யார் தன் முறை வரும்வரை வெறுமனே காத்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடும். அந்தக் கண்ணோடு அவருடைய படங்களை ஆரம்பத்திலிருந்து மறுபடியும் பார்க்கலாம் என்று தோன்றியது.

11 நவம்பர் 2024, திங்கள்

அவருடைய உடலுக்கு இந்திய விமானப்படையினர் மரியாதை செலுத்தினார்கள். அதைப் பார்த்துப் படப்பிடிப்பில் இளைய நடிகர் ஒருவர் வியப்போடு காரணம் கேட்டார். தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்த கணேஷ், 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் விமானப்படையில் பணிபுரிந்தவர் என்று சொன்னேன். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடித்தார். அந்த ஊர்ப்பெயரைச் சேர்த்து அவரை டெல்லி கணேஷ் ஆக்கியவர் கே. பாலசந்தர். தாமிரபரணிக் கரைக்காரருக்கு யமுனைக் கரை ஊர் அடைமொழியாக வந்து, கடைசிவரை அப்படியே நிலைத்துவிட்டது.

14 நவம்பர் 2024, வியாழன்

‘பட்டினப் பிரவேசம்’ பார்த்தேன். விசுவின் நாடகத்தை பாலசந்தர் 1977இல் படமாக்கியது. கிராமத்துக் குடும்பம் ஒன்று சென்னைக்கு வந்து சிதறிப்போகும் கதை. காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் மேடையேறிக்கொண்டிருந்த கணேஷுக்கு இதுதான் முதல் படம். அப்போது அவருக்கு முப்பது வயது கடந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கதாநாயகனாகும் கனவை வைத்துக்கொண்டு வீணாகக் காத்திருக்க வேண்டிய வயது அல்ல அது. எந்த நாற்காலி கிடைத்தாலும் அதில் ஒழுங்காக உட்காரத் தெரிந்த வயது.

படத்தில் மேடைப் பழக்கம் ஆங்காங்கே தெரிகிறது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், மைக்கைச் சந்தித்த புதிதில் சற்றுக் கூடுதலாகத்தான் ஒலிக்கும். மேடையிலிருந்து வருபவர்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல்தான் இது. பலர் அதைக் கடைசிவரை உதறுவதில்லை.

17 நவம்பர் 2024, ஞாயிறு

துரை இயக்கி 1979இல் வெளியான ‘பசி’. இரண்டு வருடத்துக்குள் அந்தக் குரலைக் கணேஷ் முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டார். குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா, அவளுடைய தகப்பன், ரிக்‌ஷாக்காரன் முனியாண்டியாக இவர். ஷோபாவுக்குத் தேசிய விருதும் இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தன.

நெல்லைச் சீமைக்காரர் சென்னைத் தமிழ் பேசும்போது வழக்கமாக இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்: ஒன்று சொல்லின் கடைசியில், மற்றொன்று கோபத்தில். கோபம் வந்தால் பிறந்த ஊர் எப்படியும் நாக்கில் எட்டிப் பார்த்துவிடும். இந்தப் படத்தில் அதைத் தேடிக்கொண்டே உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் தேடுவதை மறந்துவிட்டேன். பிற்காலத்தில் இவரை ஐயர் வேடத்துக்கே எழுதி வைத்தவர்கள் இந்தப் படத்தை மறந்துபோனார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நடிகர் ஒன்றை நன்றாகச் செய்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்து அவரைத் தண்டிப்பது நம் தொழிலின் பழைய வழக்கம்.

20 நவம்பர் 2024, புதன்

இன்று என்னால் ஒரு பிசகு நேர்ந்தது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் ஒரு பக்கத்தைத் தாண்டிப் படித்துவிட்டேன். மகளாக நடிப்பவர் அப்படியே அடுத்த வரிக்குத் தாவ, கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று. தாத்தா வேடத்தில் இருக்கும் மூத்த நடிகர் ஒரு கணம் அந்தப் பெண்ணையே பார்த்துவிட்டு, “நான் கேட்டது அது இல்லையேம்மா” என்று கதாபாத்திரத்துக்குள்ளிருந்தே சொன்னார். இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை. அந்த டேக்கே ஓகே ஆனது. எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டு மதிய இடைவேளையில் ஒழுங்காகக் கிடைத்தது.

அந்த மூத்தவரும் சபா நாடகங்களில் தேறியவர். மேடையில் எதிராளி வசனத்தை மறந்தால் காப்பாற்ற ‘கட்’ சொல்ல ஆள் கிடையாது. பேசுவதைக் கேட்டால்தான் தப்பிக்க முடியும். டெல்லி கணேஷிடம் நான் தேடிக்கொண்டிருப்பதும் இதைத்தான் என்பது இன்றுதான் எனக்கே தெளிவாயிற்று.

24 நவம்பர் 2024, ஞாயிறு

ஒரே நாளில் மூன்று படங்கள். ‘சிந்து பைரவி’யில் (1985) குடிப்பழக்கத்தால் வித்வானிடம் மாட்டிக்கொள்ளும் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கரின் நிழலில் நிற்கும் ஐயர். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு. கடைசியாகச் சொன்னதில் நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகிய மூவரோடும் சட்டகத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பேர் சேர்ந்து நிற்கும் ஷாட்டில் பேசாதவர் என்ன செய்வது என்பது நடிப்புப் பயிற்சியில் யாரும் சொல்லித் தராத பாடம். கையைப் பிசைந்தால் கண் அங்கே போய்விடும், சும்மா நின்றால் சுவர் ஆகிவிடும்.

27 நவம்பர் 2024, புதன்

‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) படத்தின் சாம்பார் காட்சியை மட்டும் இன்று ஐந்து முறை ஓட்டிப் பார்த்தேன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். கல்யாணச் சமையலில் மீன் விழுந்துவிடுகிறது. மீன் என்ற சொல்லை வைத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மோகன் சிலேடையை இழைத்துக்கொண்டே போகிறார். சமையல்காரர் காமேஸ்வரனாகக் கமல்ஹாசன், அவரை வளர்த்த பாலக்காடு மணி ஐயராக டெல்லி கணேஷ்.

முதல் முறை எல்லோரையும் போல வசனத்துக்குச் சிரித்தேன். மூன்றாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் மணி ஐயர் ஒரு இடத்திலும் தான் நகைச்சுவைக் காட்சியில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை என்பது பிடிபட்டது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு தொழில் விபத்து: பந்தி, பெயர், கூலி எல்லாம் போகப்போகிறது. இத்தனைக்கும் மோகனின் வசனத்தில் ஒரு சொல் அரை நொடி தாமதித்து விழுந்தாலும் சிலேடை செத்துவிடும். முன்கூட்டியே தெரிந்ததுபோல் விழுந்தாலும் செத்துவிடும். எதிராளியின் வார்த்தை காதில் விழுந்து, அது தப்பாகப் புரிந்து, அந்தத் தப்பான புரிதலிலிருந்து பதில் பிறக்க வேண்டும். இவர் ஒவ்வொரு வரிக்கும் அந்த மூன்று படிகளையும் ஏறி இறங்குகிறார். மனப்பாடம் செய்து தயாராக வந்தவரின் முகத்தில், அந்த வரியை முதன்முதலாகக் கேட்பவரின் கலவரம் இருக்கிறது.

30 நவம்பர் 2024, சனி

அவர் பின்னணிக் குரலும் கொடுத்தவர். பாலசந்தரின் ‘47 நாட்கள்’ (1981) படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் பேசியது இவர்தான். டப்பிங் அறையின் இருட்டில் இன்னொருவரின் உதட்டையும் மூச்சையும் பார்த்தபடி பேசும் வேலை அது. கேட்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

3 டிசம்பர் 2024, செவ்வாய்

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சினிமாவில் குணச்சித்திர நடிகருக்குப் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் சம்பளம். படங்கள் குறையும்போது நாட்களும் குறைந்துவிடும். தொடர் என்றால் மாதத்தில் இத்தனை கால்ஷீட் என்று ஒரு பிடிமானம் இருக்கும். அதனால் மூத்தவர்கள் பலர் சின்னத்திரைக்கு வந்தார்கள். டெல்லி கணேஷும் தொடர்களில் நடித்தார், குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் கூப்பிட்டாலும் போனார், மகனைக் கதாநாயகனாக்கி ‘என்னுள் ஆயிரம்’ (2016) என்ற படத்தையும் தயாரித்தார்.

சீரியலில் நடிப்பதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் வழக்கு உண்டு. விளம்பரம் போக ஏறக்குறைய இருபது நிமிடக் காட்சியை அன்றாடம் கொடுத்தாக வேண்டும். அதில் ஒருவர் அதிர்ச்சியான செய்தி சொன்னால், கூடத்தில் நிற்கும் அத்தனை முகத்துக்கும் தனித்தனியாக ரியாக்‌ஷன் குளோஸ் (முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் ஷாட்) எடுப்போம். பல சமயம் எதிரே செய்தி சொன்னவர் வேறு படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போயிருப்பார். நடிகர் பார்க்க வேண்டிய இடத்தில் என் கையோ ஒரு லைட் ஸ்டாண்டோதான் இருக்கும். கேட்கத் தெரிந்த நடிகருக்குக் கேட்க ஆள் இல்லாத இடம் இது. அங்கேயும் முகம் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்றால், அந்தக் குரலை அவர் உள்ளே எங்கோ சேமித்து வைத்திருக்க வேண்டும்.

இன்று மாலை தாத்தாவின் குளோஸ் மட்டும் பாக்கி. மகளாக நடிப்பவர் போய்விட்டார். வழக்கம்போல் அவருடைய வரிகளைத் தாண்டி, “சார், ஷாக், அப்புறம் திரும்புங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். மூத்தவர் கையமர்த்தினார்.

“அந்தப் பொண்ணு வசனத்தையும் படிப்பா. மெதுவா படி. நான் கேக்கணும்.”

நான்கு வரிதான். படித்தேன்.